தீச்சுவர் எச்சரிக்கை: அஞ்சுவதா? ஆராய்வதா?



ஒரு வீட்டில் பற்றிய தீ அடுத்த வீட்டிற்குப் பரவாதவாறு இடையே எழுப்பப்படும் சுவரைத் தீச்சுவர் என்பர். வெளியுலக இணையத்திற்கும் நம் வீட்டுக் கணினிக்கும் இடையே நின்று காக்கும் அமைப்பிற்கும் அப்பெயரே வழங்கலாயிற்று. 2020ஆம் ஆண்டு நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணைக் காலத்தில் பாடங்கள் கணினி வழியே வீடு தேடி வந்தன. அதுமுதல் இக்காவலனின் துணை நமக்கு மிகுதியும் தேவைப்படுகிறது. ஆயினும், "தடுக்கப்பட்டது" என்னும் அறிவிப்பு அடிக்கடி தோன்றக் கண்டு சிலர் அஞ்சுகின்றனர்; சிலர் சலிப்புற்றுத் தீச்சுவரையே நிறுத்திவிடுகின்றனர். இரண்டும் தகா. அறிவிப்பைப் படித்தறிதலே முறை.

ஒவ்வொரு கணினிக்கும் 0 முதல் 65,535 வரை எண்ணிடப்பட்ட வாயில்கள் உண்டு. இவற்றைப் போர்ட் என்பர். இவை கண்ணால் காணும் துளைகள் அல்ல. வரும் செய்தி எப்பணிக்குரியது எனப் பிரித்தறிய உதவும் எண்களே. பாதுகாப்பான இணையப் பக்கங்களுக்கு 443, கோப்புப் பகிர்வுக்கு 445 என்பன சான்றுகள். எச்சரிக்கைகளை மூவகையாகப் பிரித்துக் காண்போம்.

1. வெளியிலிருந்து உள்ளே வருவன

நான்கு எண்களால் ஆன இணைய முகவரிகள் ஏறத்தாழ 430 கோடி. ஒரே கணினியைக் கொண்டு, அம்முகவரிகள் அனைத்திலும் ஒரு வாயிலை 45 நிமிடத்திற்குள் தட்டிப் பார்க்க இயலும் என 2013ஆம் ஆண்டிலேயே மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர் காட்டினர். ஆகவே, நம் கதவைத் தட்டியவன் நம்மையே குறிவைத்து வந்தான் எனக் கொள்ள வேண்டா. அவன் ஊரார் கதவையெல்லாம் தட்டிச் செல்பவன். நாம் மூடிவிட்ட இணையப் பக்கத்திலிருந்து பிந்தி வரும் விடையும் சிலவேளை இவ்வாறு தடுக்கப்படும். "தடுக்கப்பட்டது" என்பது காவலன் விழித்திருக்கிறான் என்பதற்குச் சான்றேயாகும்.

2. வீட்டிற்குள்ளேயே எழுவன

அச்சுப்பொறியும் தொலைக்காட்சியும் "நான் இங்குள்ளேன்" என ஏனைய கருவிகளுக்கு அவ்வப்போது அறிவிக்கும். வீட்டுக் கருவிகளின் முகவரி பெரும்பாலும் 192.168 எனத் தொடங்கும். அது நம் கருவியே எனத் தெளிந்தால் கவலை வேண்டா.

3. உள்ளிருந்து வெளியே செல்வன

நாம் மிகக் கூர்ந்து நோக்க வேண்டியவை இவையே. 2016ஆம் ஆண்டில் மிராய் என்னும் தீய நிரல், கடவுச்சொல் மாற்றப்படாத கண்காணிப்புக் கேமராக்களிலும் ரூட்டர்களிலும் புகுந்தது. புகுந்த கருவிகள் பிறருடைய 23ஆம் வாயிலைத் தட்டிய வண்ணம் இருந்தன. அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள், அத்தகைய கருவிகள் ஒருங்கே டைன் என்னும் நிறுவனத்தைத் தாக்கின. டுவிட்டர் முதலிய தளங்கள் பலருக்கு எட்டாமற்போயின. தம் கருவி பிறர்க்குத் தீங்கு செய்வதை உரியவருள் பலர் அறிந்திலர். நம் வீட்டுக் கருவி ஒன்று, நாம் ஏவாமலே, அறியா முகவரிகளை ஓயாது நாடுமாயின் உடனே அதன் இணைப்பைத் துண்டித்துப் பெரியோரிடம் கூறுதல் வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை:

அ) நேரம், புறப்பட்ட முகவரி, சேரும் வாயில், திசை ஆகிய நான்கையும் குறித்துக்கொள்ளுதல்.
ஆ) ரூட்டர், கேமரா ஆகியவற்றின் தொடக்கக் கடவுச்சொல்லை மாற்றுதல், மென்பொருளைப் புதுப்பித்தல்.
இ) பெயரறியா நிரல் அனுமதி கேட்டால் மறுத்தல்.
ஈ) அறிவிப்புத் தொல்லை மிகுந்தால், திரையில் தோன்றுவதை மட்டும் குறைத்தல், தீச்சுவரை ஒருபோதும் நிறுத்தாதிருத்தல்.

நாய் குரைக்கின்றதென்று அதனை விரட்டிவிட்டு உறங்குவார் உண்டோ? எதனைக் கண்டு குரைக்கின்றது என எழுந்து பார்ப்பதன்றோ அறிவுடைமை! நம் வீட்டைக் காப்பதோடு, நம் வீட்டிலிருந்து பிறர்க்குத் தீங்கு செல்லாமற் காப்பதும் நம் கடமையாகும்.

பயிற்சி: உங்கள் வீட்டில் இணையத்தோடு இணைந்துள்ள கருவிகளைப் பெற்றோர் துணையுடன் பட்டியலிடுக. அவற்றுள் கடவுச்சொல் இன்னும் மாற்றப்படாதவை எவை?