மஞ்சக் கடுதாசி வந்தால் பணம் போச்சா? (சட்டம் தெரிந்து கொள்வோம்)



"அவன் ஐ.பி. போட்டுட்டானாம், மஞ்சக் கடுதாசி வந்துருச்சு, இனிமே நம்ம காசு அவ்வளவுதான்" என்று ஊரில் பேசுவதை நாம் எல்லோரும் கேட்டிருப்போம். சீட்டுப் பணம், கைமாத்து, புரோநோட்டில் கொடுத்த கடன் என்று எதுவானாலும், அந்தக் கடுதாசியைப் பார்த்தவுடன் அழுது புலம்பி மூலையில் போட்டு விடுகிறோம். நாம் பணத்தை இழப்பது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். அது என்ன காகிதம், அதை எந்தக் கோர்ட்டில் போய்ப் பார்ப்பது, நாமே கடனில் மூழ்கினால் அப்படி மனுப் போடலாமா என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

ஐ.பி. என்றால் என்ன?

இன்சால்வன்சி பெட்டிஷன் என்பதன் சுருக்கம்தான் ஐ.பி. தமிழில் நொடிப்பு நிலை மனு என்பார்கள். "என் கடன்களை அடைக்க எனக்கு வழியில்லை, என்னை நொடித்துப் போனவராக அறிவியுங்கள்" என்று ஒருவர் கோர்ட்டைக் கேட்பதுதான் இது. நம் மாவட்டங்களில் இது 1920-ஆம் வருடத்து மாகாண நொடிப்புச் சட்டப்படி நடக்கிறது. மனு சப் கோர்ட்டில், அதாவது சார்பு நீதிமன்றத்தில் போடப்படும். சென்னை நகரத்துக்கு மட்டும் 1909-ஆம் வருடத்துச் சட்டம். அங்கே உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும்.

2016-ல் புதிய திவால் சட்டம் வந்ததே என்று சிலர் கேட்கலாம். அதில் தனி மனிதர்களுக்கான பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டும்தான் 2019 டிசம்பர் 1 முதல் அமலுக்கு வந்தது. நம்மைப் போன்ற சாதாரண ஜனங்களுக்குப் பழைய சட்டம்தான்.

இதில் முக்கியமான விஷயம்: மனு என்பது தீர்ப்பு அல்ல. அது வெறும் விண்ணப்பம். ஒருவர் மனுப் போட்ட மாத்திரத்தில் அவர் கடன் ஒரு ரூபாய் கூடக் குறையாது.

கேஸ் விவரத்தை எப்படிப் பார்ப்பது?

வெறும் வக்கீல் நோட்டீஸை அனுப்பிவிட்டு மனுவே போடாமல் பயமுறுத்துபவர்களும் உண்டு. ஆகவே முதலில் நிஜமாகவே கேஸ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

1. நோட்டீஸில் கோர்ட் பெயர், ஐ.பி. நம்பர், வருடம், வாய்தா தேதி நான்கும் இருக்கிறதா பாருங்கள். நோட்டீஸ் வந்த கவரையும் பத்திரமாக வையுங்கள்.

2. இ-கோர்ட்ஸ் என்ற அரசு இணையதளமும் செல்போன் செயலியும் உள்ளன. மாநிலம், மாவட்டம், கோர்ட் வளாகம் ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்து, கேஸ் நம்பரைக் கொடுத்துத் தேடலாம். நம்பர் தெரியாவிட்டால் மனுதாரர் பெயரையும் வருடத்தையும் கொடுத்துத் தேடலாம். ஆங்கில எழுத்தில் பெயரை ஒரே மாதிரி எழுத மாட்டார்கள். ஆகவே இரண்டு மூன்று விதமாக எழுதிப் பாருங்கள். நிலுவையில் உள்ளவை, முடிந்தவை இரண்டிலும் தேடுங்கள். கேஸ் கிடைத்தால் 16 எழுத்து-எண் கொண்ட சி.என்.ஆர். நம்பர் இருக்கும். அதைக் குறித்துக் கொண்டால் அடுத்த முறை நேராகப் பார்த்து விடலாம். படித்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் பத்து நிமிஷ வேலைதான்.

3. இணையத்தில் கிடைக்காவிட்டால் அந்தச் சப் கோர்ட் அலுவலகத்துக்கே போய்க் கேட்கலாம். மனுவுக்கும், அதோடு இணைத்த கடன் பட்டியல், சொத்துப் பட்டியலுக்கும் நகல் மனுப் போட்டு, கட்டணம் கட்டி, முத்திரையிட்ட நகல் வாங்கலாம்.

4. ஒருவரை நொடித்துப் போனவராக கோர்ட் அறிவித்து விட்டால் அந்த உத்தரவு அரசிதழிலும் வெளியாக வேண்டும். புதிதாக ஒருவருக்குப் பெரிய தொகை கொடுக்கும் முன்பும் இப்படித் தேடிப் பார்ப்பது நல்லது.

பட்டியலில் எதைப் பார்க்க வேண்டும்?

மனுதாரர் தனக்குள்ள எல்லாக் கடனையும், எல்லாச் சொத்தையும் மறைக்காமல் எழுத வேண்டும் என்பது சட்டம். அதில் நம் பெயர் இருக்கிறதா? தொகை சரியா? அவருடைய மாமன் மச்சான் பெயரில் பொய்க் கடன் காட்டியிருக்கிறாரா? ஊருக்கே தெரிந்த வீடும் நிலமும் பட்டியலில் விட்டுப் போயிருக்கிறதா? ஊர்க்காரர்களான நமக்குத்தான் இது தெரியும், ஜட்ஜய்யாவுக்குத் தெரியாது. நாம் போய்ச் சொன்னால்தான் உண்டு.

விசாரணையன்று கடன் கொடுத்தவர்கள் முன்னிலையில் மனுதாரரை கோர்ட் விசாரிக்கும். நமக்கும் அவரிடம் கேள்வி கேட்க உரிமை உண்டு. சொத்தை மனைவி பெயருக்கோ தம்பி பெயருக்கோ சும்மா எழுதி வைத்துவிட்டு, அதிலிருந்து 2 வருடத்துக்குள் போடப்பட்ட மனுவில் நொடித்துப் போனவராக அறிவிக்கப்பட்டால், அந்த எழுத்தை ரத்து செய்யலாம். சொத்தை மறைத்தவருக்கும் பொய்க் கணக்குக் காட்டியவருக்கும் 1 வருடம் வரை சிறை உண்டு.

கோர்ட் அறிவித்த பிறகு அவர் சொத்து கோர்ட்டின் கைக்கோ ரிசீவர் கைக்கோ போகும். அதன் பிறகு கோர்ட் அனுமதி இல்லாமல் நாம் தனி வழக்குப் போட முடியாது. ஆனால் நம் கடனை உறுதி செய்து பிரமாணப் பத்திரம் எழுதி, கோர்ட்டில் நேரிலோ ரிஜிஸ்டர் தபாலிலோ கொடுத்தால், சொத்தை விற்று வரும் பணத்தில் விகிதப்படி நமக்கும் பங்கு வரும். கொடுக்காதவர் பெயர் பங்குக் கணக்கில் ஏறாது. முழுப் பணமும் வரும் என்று நாங்கள் சொல்லவில்லை. வருகிற பங்கையாவது விடக்கூடாது என்கிறோம்.

ஏமாற்றி வாங்கிய கடன், நொடிப்பு விடுவிப்பால் ஒழியாது. மோசடி நடந்திருந்தால் போலீஸ் புகார் தனி வழி. ஐ.பி. போட்டதால் அந்த வழி அடைபடாது.

நாமே மனுப் போடலாமா?

வட்டிக்கு வட்டி கட்டி நொந்து போன சகோதரிகளிடம் "பேசாம ஐ.பி. போட்டுடு, எல்லாம் தீந்துடும்" என்று யாராவது சொல்வார்கள். கொஞ்சம் நிதானியுங்கள்.

போடலாம், உரிமை இருக்கிறது. கடனை அடைக்க முடியாத நிலையும், மொத்தக் கடன் 500 ரூபாய்க்குக் குறையாமலும் இருந்தால் போதும். குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்துக்கான கோர்ட்டில் போட வேண்டும். கடன் கொடுத்தவர் ஒவ்வொருவர் பெயர், விலாசம், தொகை, நம் சொத்து விவரம், அதன் மதிப்பு, சொத்தை எல்லாம் கோர்ட் வசம் ஒப்படைக்கச் சம்மதம் ஆகியவை மனுவில் இருக்க வேண்டும்.

ஆனால் இவற்றையும் தெரிந்து கொள்ளுங்கள்:

• அறிவிப்பு வந்ததும் கடன் தீராது. கோர்ட் குறித்த காலத்துக்குள் விடுவிப்பு கேட்டுத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். தவறினால் அறிவிப்பே ரத்தாகும். நம் சொத்து, கடனில் ரூபாய்க்கு எட்டணா கூடத் தேறாவிட்டால், அது நம் தவறால் வந்ததல்ல என்று நிரூபித்தால்தான் முழு விடுவிப்பு.

• அடமானம் வைத்த வீடு, வங்கியில் வைத்த நகை ஆகியவற்றின் மேல் கடன் கொடுத்தவருக்குள்ள உரிமை அப்படியே இருக்கும்.

• நமக்கு ஜாமீன் போட்டவர், கூடக் கையெழுத்துப் போட்டவர் விடுபட மாட்டார். குழுக் கடனில் நாம் தப்பினாலும் அந்தச் சுமை கூட இருக்கும் சகோதரிகள் தலையில்தான் விழும். இதை மறக்கவே கூடாது.

• விடுவிப்பு கிடைக்கும் வரை, நம் நிலையைச் சொல்லாமல் 50 ரூபாய் கடன் வாங்கினாலும் குற்றம்.

ஜெயிலுக்குப் பயந்து மனுப் போட வேண்டிய அவசியமும் பெண்களுக்கு இல்லை. பணம் கட்டச் சொல்லும் சிவில் டிக்ரிக்காகப் பெண்களைக் கைது செய்யக் கூடாது என்று சிவில் நடைமுறைச் சட்டம் 56-ஆம் பிரிவு சொல்கிறது. செக் திரும்பிய வழக்கு வேறு, அது கிரிமினல். அதே சட்டத்தின் 60-ஆம் பிரிவுப்படி உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, மத வழக்கப்படி பெண் கழற்றக் கூடாத தாலி போன்ற நகை, கைத்தொழில் செய்பவரின் கருவிகள் ஆகியவற்றை ஜப்தி செய்யக் கூடாது. கந்து வட்டி, மீட்டர் வட்டி கேட்டு மிரட்டினால் 2003-ஆம் வருடத்துச் சட்டப்படி புகார் செய்யலாம். மனுவுக்கு முன் இந்த வழிகளையும், தவணையை மாற்றித் தரச் சொல்லி வங்கியில் கேட்பதையும் யோசியுங்கள்.

வக்கீல் செலவுக்கு என்ன செய்வது?

1987-ஆம் வருடத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. கோர்ட் வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலோ, வட்ட சட்டப் பணிகள் குழுவிலோ மனுக் கொடுங்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். நமக்கு நோட்டீஸ் வந்தாலும் சரி, நாமே மனுப் போட நினைத்தாலும் சரி, இந்த உதவி கிடைக்கும்.

குழுக் கூட்டத்தில் பேச:

1. நம் குழுவில் யாருக்காவது நோட்டீஸ் வந்து வீட்டில் கிடக்கிறதா? வாய்தா தேதி என்ன?
2. கைமாத்துக் கொடுத்ததற்கு எழுத்து வைத்திருக்கிறோமா? புரோநோட்டுக்கு 3 வருடம்தான் ஆயுள் என்பது எல்லோருக்கும் தெரியுமா?
3. ஒரே ஆள் பலருக்குப் பணம் தர வேண்டியிருந்தால், எல்லோரும் சேர்ந்து கோர்ட்டுக்குப் போக யார் முன்னால் நிற்பது?

படிக்கத் தெரிந்தவர் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். அடுத்த வாய்தாவுக்கு ஒருத்தியைத் தனியாக அனுப்பாதீர்கள், இரண்டு பேர் கூடப் போங்கள்.