சுட்டி இல்லாமல் ஒரு கணினிப் பயணம்

இரவு 10 மணி. நாளை ஒப்படைக்கவேண்டிய பாடவேலை தயார். ஆனால் திடீரெனச் சுட்டி வேலை செய்யவில்லை. தேக்காவிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் சிம் லிம் ஸ்குவேர் இருந்தாலும், இந்நேரம் கடைகள் மூடியிருக்கும். என்ன செய்வீர்கள், மாணவர்களே?

விசைப்பலகையே போதும். சுட்டி, டாக்சியைப் போன்றது. காட்டிய இடத்திற்கு நேரே செல்லும். ‘டேப்’ விசை, எம்ஆர்டி ரயிலைப் போன்றது. டோபி காட், லிட்டில் இந்தியா, ஃபேரர் பார்க் என ரயில் வரிசையாக நிற்பதுபோல, இணைப்பு, பொத்தான், எழுதும் கட்டம் என ஒவ்வொன்றிலும் நின்று செல்லும். நிற்கும் இடத்தைச் சுற்றி ஒரு கோடு தெரியும்.

முக்கிய விசைகள்:

• டேப்: அடுத்த இடம்
• ஷிஃப்ட் + டேப்: முந்தைய இடம்
• என்டர்: இணைப்பைத் திறக்க
• ஸ்பேஸ்: பொத்தானை அழுத்த, கட்டத்தில் குறியிட
• அம்பு விசைகள்: பட்டியலில் மேலும் கீழும் செல்ல
• எஸ்கேப்: திறந்த பட்டியலை மூட
• ஆல்ட் + டேப்: வேறொரு செயலிக்கு மாற

நமக்கு இது ஓர் இரவுச் சிக்கல். பார்வையற்றோருக்கு இதுவே அன்றாட வழி. திரையில் சுட்டி எங்கே இருக்கிறது என்று தெரியாதபோது, அதை எப்படி நகர்த்துவது? அவர்களுக்கு உதவுவது திரைவாசிப்பு மென்பொருள். டேப் நிற்கும் இடத்தில் என்ன இருக்கிறது என்பதை அது குரலில் சொல்லும். ‘என்விடிஏ’ எனும் இலவச மென்பொருளை 2006ல் உருவாக்கத் தொடங்கியவர் மைக்கேல் கரன் எனும் ஆஸ்திரேலியர். அவரும் அவருடன் இணைந்த ஜேம்ஸ் டேவும் பார்வையற்றவர்கள். அதில் ‘எச்’ விசையை அழுத்தினால் ஒரு தலைப்பிலிருந்து அடுத்த தலைப்புக்குத் தாவலாம். சிறு நிலையங்களில் நிற்காத விரைவு ரயில்போல!

ஆனால், ரயில் நிற்க நிலையம் வேண்டுமே? இணையப் பக்கத்தை உருவாக்குபவர்தான் அதைக் கட்டவேண்டும். எச்டிஎம்எல் மொழியில் ‘பட்டன்’ என்ற குறியீட்டைப் பயன்படுத்தினால், டேப் அங்கே தானாகவே நிற்கும். வெறும் படத்தை வைத்து, சுட்டியால் சொடுக்கினால் மட்டும் இயங்கும்படி செய்தால், டேப் அதைக் கடந்து போய்விடும். பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால், விசைப்பலகையை மட்டும் நம்பியிருப்பவர் அந்தப் பக்கத்தில் பாடவேலையை ஒப்படைக்கவோ நுழைவுச்சீட்டு வாங்கவோ முடியாது.

செய்து பாருங்கள்

சுட்டியை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு, நீங்கள் அடிக்கடி செல்லும் ஓர் இணையத்தளத்தைத் திறந்து, 5 நிமிடம் டேப் விசையால் மட்டும் உலவுங்கள்.

1. எல்லாப் பொத்தான்களிலும் டேப் நின்றதா?
2. எங்கே நிற்கிறோம் என்பது கண்ணுக்குத் தெரிந்ததா?
3. எங்காவது வெளியேற முடியாமல் சிக்கிக்கொண்டீர்களா?

பள்ளியில் நீங்கள் சொந்தமாக இணையப் பக்கம் உருவாக்கியிருந்தால், அதையும் இதேபோல் சோதியுங்கள். டேப் நிற்காத பொத்தான் ஒன்றைக் கண்டால், அன்றே திருத்திவிடுங்கள்.