குட்டியைப் பிரிக்கும்போது தாயின் மடியையும் பாருங்க

பால் மறக்கடிக்கும் நேரத்தில் எல்லோரும் குட்டியைத்தான் கவனிக்கிறோம். தாயைக் கவனிப்பதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன்.

எங்க கொரங்காட்டில் மேச்சேரி ஆடு வளர்க்கிறோம். முதல் வருஷம் மூணு மாசக் குட்டிகளை ஒரே நாளில் பிரித்தேன். அன்றைக்கும் தாய்களுக்கு வழக்கம்போல தவிடும் புண்ணாக்கும் வைத்தேன். மறுநாள் மடி விம்மி நின்றது. பாவம் பார்த்து ரெண்டு வேளையும் கறந்தேன். கறக்கக் கறக்கச் சுரந்துகிட்டே இருந்தது. ஆறாம் நாள் ரெண்டு ஆட்டுக்கு மடி சூடேறி, கல் மாதிரி இறுகிவிட்டது. மருத்துவர் வந்து பார்த்தும் ஒரு ஆட்டுக்கு ஒரு பக்க மடி போயே போச்சு. அடுத்த ஈத்தில் அதன் குட்டிக்குப் பால் பத்தவில்லை.

மடியில் பால் தேங்கினால்தான் சுரப்பு நிற்கும். கறந்துவிட்டால் உடம்பு திரும்பவும் சுரக்கும். அதனால் முதலில் குறைக்க வேண்டியது தாயின் தீனியை. இப்போது நான் செய்வது இதுதான்:

பிரிப்பதற்கு முன்: குட்டி ரெண்டு வாரத்திலேயே புல் கொறிக்கும். அப்போதிருந்தே தாய் நுழைய முடியாத சின்ன அடைப்பில் வேலிமசால், கடலைக்கொடி, கொஞ்சம் உடைத்த சோளம் வைத்துப் பழக்குங்க. பழகிய குட்டி 90 நாளில் தாயில்லாமல் நிற்கும். நோஞ்சான் குட்டியை இன்னும் ரெண்டு வாரம் தாயோடு விடுங்க. துள்ளுமாரித் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுடணும். கடைசி வாரம் தாய்க்குத் தவிடு, புண்ணாக்கை நிறுத்திச் சோளத்தட்டு மட்டும் போடுங்க. தண்ணீரைக் குறைக்கக் கூடாது.

பிரிக்கும் நாள்: குட்டியைப் பழகிய பட்டியிலேயே விட்டு, தாயை வேறு காட்டுக்கு ஓட்டுங்க. இடமும் மாறி, தாயும் இல்லையென்றால் குட்டி தீனி எடுக்காது. கத்தல் மூணு, நாலு நாளில் அடங்கும். கிடாக்குட்டிகளைத் தனியே அடைங்க. இல்லாவிட்டால் பெட்டைக்குட்டிகள் சின்ன வயசிலேயே சினையாகிவிடும்.

பிரித்த பின்: குட்டி இளைக்கிறதே என்று தானியத்தைத் திடீரென்று கூட்டாதீங்க. துள்ளுமாரி வருவது அப்போதுதான். கீழ் இமையைத் திருப்பிப் பாருங்க. வெளுத்திருந்தால், தாடைக்குக் கீழே நீர் கோத்திருந்தால் குடற்புழுவாக இருக்கும். புழுக்கையைப் பரிசோதனைக்குக் கொடுங்க.

தாய்க்குத் தினமும் மடியைத் தொட்டுப் பாருங்க. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி விம்மி, ஆடு நன்றாக மேய்ந்தால் பயமில்லை. கொஞ்ச நாளில் தளர்ந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் சூடு, கட்டி, பின்னங்காலை அகட்டி நடப்பது, தீனி எடுக்காமல் நிற்பது என்றால் அது மடிநோய். அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்க.

மடி வற்றிய பிறகு பழையபடி தீனி கொடுத்து, உடம்பு தேறிய பின்தான் கிடா சேர்க்கணும். அடுத்த ஈத்துக் குட்டிக்கான பாலை இந்தப் பத்து நாளில்தான் காப்பாற்றுகிறோம்.