வீட்டுப் புகைப்படப் பிரிண்டரும் நம் ஊர் மழையும்

1956 நவம்பர் 1இல் மாநில எல்லை மாறியபோது நெய்யாற்றின்கரையும் பாறசாலையும் கேரளத்தில் நின்றன. களியக்காவிளை சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. ஆகவே நம்மில் பலருக்கு இருபுறமும் உறவு. வீட்டில் இருக்கும் தாத்தா பாட்டியின் ஒரே படத்தை எல்லோருக்கும் நகலெடுத்துக் கொடுக்கப் பிரிண்டர் வாங்குகிறோம். அது மக்கர் செய்தால், ஓய்வுபெற்ற ரயில்வே பொறியாளன் என்று என்னிடம் கேட்கிறார்கள். நான் சொல்வது இவ்வளவுதான்.

வெள்ளைக் கோடுகள்: மைத் துளைகள் மயிரிழையைவிட நுண்ணியவை. பல வாரம் சும்மா கிடந்தால் மை உலர்ந்து அடைக்கும். 'நாசில் செக்' பக்கம் எடுத்துப் பார்த்து, கோடு விட்டிருந்தால் மட்டும் 'ஹெட் கிளீனிங்' செய்யுங்கள். இதற்கு மை நிறையச் செலவாகும். வாரம் ஒரு வண்ணப் பக்கம் அச்சிட்டால் அடைப்பே வராது.

நிறம் மாறுதல்: நீல மை வராவிட்டால் முகம் சிவக்கும்; சிவப்பு மை வராவிட்டால் பச்சை பாயும். இதற்கும் அதே சோதனைதான்.

மை பரவுதல்: இடவப்பாதியிலும் துலாமழையிலும் தாள் ஈரம் இழுக்கும். மீதித் தாளை உறையிலிட்டு இறுக மூடுங்கள். பளபளப்பான பக்கத்தில் அச்சிட்டு, ஒரு நாள் உலர்ந்த பின்னரே ஆல்பத்தில் வையுங்கள்.

முக்கியமாக, பிரிண்டரை அதன் பொத்தானால் அணைத்த பிறகே சுவர் ஸ்விட்சை அணைக்கவும். அப்போதுதான் மைத்தலை தன் மூடியில் போய் அமரும்.

எல்லாவற்றுக்கும் முன், மூலப்படத்தை ஸ்கேன் செய்து இரண்டு இடங்களில் சேமியுங்கள். பிரிண்டர் போனால் வேறு வாங்கலாம்.