வென்ற நீதிபதிக்குச் செலவை யார் தருவது?

கேள்வி: ஒழுங்கு நடவடிக்கையை எதிர்த்து வழக்காடி ஜெயித்த நீதிபதிக்கு வக்கீல் செலவு திரும்பக் கிடைக்குமா?
– வாசகர், மாமல்லபுரம்

பதில்: தானாகக் கிடைக்காது. உங்கள் செங்கல்பட்டு மாவட்ட நீதிபதிகள், அரசியலமைப்பின் 235-ஆவது பிரிவுப்படி உயர் நீதிமன்றக் கட்டுப்பாட்டில் இருப்பவர்கள். தண்டனையை எதிர்த்து 226-ஆவது பிரிவில் ரிட் மனு போடலாம். தவறான உத்தரவு என்பதற்காக மட்டும் நீதிபதியைத் தண்டிக்கக் கூடாது என்று 2019-இல் கிருஷ்ண பிரசாத் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால், செலவுத்தொகை தருவது நீதிமன்றத்தின் விருப்புரிமை. ரிட் தீர்ப்புகள் பல ‘செலவுத்தொகை இல்லை’ என்ற வரியோடுதான் முடிகின்றன. உரிமையியல் வழக்குகளில் உண்மையான, நியாயமான செலவைத் தர வேண்டும் என 2005-இல் சேலம் வழக்கறிஞர் சங்க வழக்கு வலியுறுத்தியது. அந்த நியாயம் இங்கும் வர வேண்டும். வழக்காடுபவர் மனுவிலேயே செலவைக் கேட்டுவிட வேண்டும். கட்டண ரசீதுகளையும் பத்திரப்படுத்த வேண்டும். நேர்மையான நீதிபதி கைக்காசைப் போட்டு மானத்தை மீட்கும் நிலை நியாயமல்ல.