ஏலத்தில் தோற்றவரைத் தேடி வரும் மெயில்

ஈபே தளத்தில் ஒரு கேமராவுக்கு ஏலம் கேட்கிறீர்கள். வேறொருவர் அதிக விலைக்கு எடுத்து விடுகிறார். மறுநாள் ஒரு மெயில்: ‘வாங்கியவர் பின்வாங்கி விட்டார். நீங்கள் கேட்ட விலைக்கே தருகிறேன். பணத்தை வங்கிக் கணக்கிற்கு அனுப்புங்கள்.’

‘செகண்ட் சான்ஸ் ஆஃபர்’ என்ற வசதி ஈபேயில் உண்மையிலேயே உண்டு. மோசடிக்காரர்கள் அதைத்தான் காப்பியடிக்கிறார்கள். அனுப்பியவர் முகவரியில் ஈபே என்று இருந்தாலும் நம்பாதீர்கள். அதைப் போலியாக அமைக்கலாம்.

என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் சோதனை எளிது. மெயிலில் உள்ள லிங்க்கை கிளிக் செய்ய வேண்டாம். ஈபே முகவரியை நீங்களே டைப் செய்து, லாகின் செய்து, மெசேஜ் பகுதியைப் பாருங்கள். அங்கே அந்தச் செய்தி இல்லையென்றால் போலி. இருந்தாலும், தளத்திற்கு வெளியே பணம் கேட்டால் மறுத்து விடுங்கள். வெளியே நடக்கும் விற்பனைக்கு ஈபேயின் பணம் திருப்பித் தரும் உத்தரவாதம் கிடையாது.

போலி மெயிலை ஈபேக்கு ஃபார்வர்டு செய்து புகார் சொல்லுங்கள். பணம் போய்விட்டதா? உடனே உங்கள் வங்கிக்குத் தெரிவியுங்கள். இந்தியாவில் இருப்பவர்கள் 1930 என்ற எண்ணுக்கு போன் செய்யுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யலாம். மெயிலையும் பணம் அனுப்பிய ரசீதையும் அழிக்காதீர்கள். பணம் அடுத்த கணக்கிற்கு மாறுவதற்குள் முடக்கினால், மீட்க வழி உண்டு.