உடற்பருமனும் அரசாங்க வரியும்

மனிதனின் உடல் எடை மிகுவது அவனது சொந்த விஷயமா, நாட்டின் விஷயமா என்னும் வினா இந்நூற்றாண்டில் பல நாடுகளின் சட்டமன்றங்களில் எழுந்துள்ளது. உண்ணும் வாய் அவனுடையது. கொடுக்கும் காசும் அவனுடையது. இதில் அரசாங்கம் தலையிடுவது முறையாகுமா என்று ஒரு சாரார் கேட்கின்றனர். நோயுற்றவனுக்கு மருத்துவமனையில் இடமளிக்கும் பொறுப்பு அரசாங்கத்துக்கு உண்டு. ஆதலின் நோய் வருமுன் காக்கும் பொறுப்பும் அதற்கு உண்டு என்று மற்றொரு சாரார் விடை கூறுகின்றனர். மக்களின் ஊட்ட நிலையை உயர்த்துவதையும் பொதுச் சுகாதாரத்தை மேம்படுத்துவதையும் அரசின் தலையாய கடமைகளுள் ஒன்றாக இந்திய அரசியலமைப்பின் 47-ஆம் ஷரத்து வகுத்துள்ளது. ஆகவே, தலையிடலாமா என்பதைக் காட்டிலும், எவ்வாறு தலையிட்டால் பயன் விளையும் என்பதே ஆராயத்தக்கது. சில நாடுகள் இதனைச் செய்து பார்த்துள்ளமையால், அவற்றின் அனுபவத்தைக் கொண்டே விடை காண முயலலாம்.

பருமனை அளக்கும் முறை

ஒருவரின் உயரத்தை மீட்டரில் அளந்து, அவ்வெண்ணை அதனாலேயே பெருக்கி, வரும் தொகையால் அவரது எடையை (கிலோகிராமில்) வகுக்க வேண்டும். கிடைக்கும் ஈவுக்கு உடல் நிறைக் குறியெண் என்று பெயர். 1.60 மீட்டர் உயரமும் 64 கிலோகிராம் எடையும் உள்ளவரின் குறியெண் 64-ஐ 2.56-ஆல் வகுத்தால் கிடைக்கும் 25 ஆகும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவைப்படி, குறியெண் 18.5-க்குக் கீழ் இருப்பின் மெலிவு. 25-ம் அதற்கு மேலும் மிகை எடை. 30-ம் அதற்கு மேலும் பருமன். இந்தியர்களுக்கு வயிற்றுப் பகுதியில் கொழுப்பு சேரும் இயல்பு மிகுதியாதலின், நம் நாட்டு மருத்துவர்கள் 23-இலிருந்தே எச்சரிக்கை செய்கின்றனர்.

2019-21-ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 24.0 சதவீதத்தினரும், ஆண்களில் 22.9 சதவீதத்தினரும் 25-ம் அதற்கு மேலும் குறியெண் உடையவர்கள். 2015-16-இல் நடந்த முந்தைய ஆய்வில் இவ்விகிதங்கள் முறையே 20.6, 18.9 ஆக இருந்தன. ஆனால் 2019-21 ஆய்விலேயே பெண்களில் 18.7 சதவீதத்தினரும் ஆண்களில் 16.2 சதவீதத்தினரும் மெலிந்தவர்களாகக் காணப்பட்டனர் என்பதையும் மறத்தலாகாது. மிகை எடையும் மெலிவும் ஒரே நாட்டில் அருகருகே உள்ளன. ஆதலின், பருமனைக் குறைக்க விதிக்கும் வரி, மெலிந்தவனின் கலத்திலுள்ள சோற்றின் விலையை உயர்த்துவதாக அமைந்துவிடக் கூடாது. இந்தியாவைப் பொறுத்தவரை இதுவே முதல் நிபந்தனை.

இனிப்புப் பானத்தைத் தேர்ந்தெடுப்பதன் காரணம்

பல நாடுகள் வரிக்கு உரிய பொருளாகச் சர்க்கரை கலந்த பானத்தையே தேர்ந்தெடுத்தன. 100 மில்லிலிட்டருக்குச் சுமார் 10 கிராம் சர்க்கரை உள்ள பானம் ஒன்றைக் கொள்வோம். 300 மில்லிலிட்டர் புட்டியில் 30 கிராம் சர்க்கரை இருக்கும். ஒரு கிராம் சர்க்கரை 4 கலோரி தருமாதலால், ஒரு புட்டியில் 120 கலோரி உண்டு. உணவில் கூடுதலாகச் சேரும் சர்க்கரையிலிருந்து கிடைக்கும் கலோரி மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்குக் குறைவாக இருத்தல் வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2015-இல் பரிந்துரைத்தது. நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவருக்கு இவ்வரம்பு 50 கிராம். ஆகவே ஒரே புட்டி அவ்வரம்பில் ஐந்தில் மூன்று பங்கை நிரப்பிவிடுகிறது. அதே கலோரியைத் தரும் சோறும் பருப்பும் வயிற்றை நிறைக்கும். பானமோ பசியை அவ்வளவாக ஆற்றுவதில்லை. புரதமும் உயிர்ச்சத்தும் அதில் இல்லாமையால், அதை விடுவதால் உடலுக்கு இழப்பு ஏதுமில்லை.

மூன்று நாடுகளின் அனுபவம்

டென்மார்க் 2011 அக்டோபரில் கொழுப்புக்கு வரி விதித்தது. செறிவுற்ற கொழுப்பு 2.3 சதவீதத்துக்கு மேல் உள்ள உணவுகளில், அக்கொழுப்பின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 16 குரோனர் வசூலிக்கப்பட்டது. வெண்ணெய், பாலாடைக்கட்டி, இறைச்சி ஆகிய அன்றாட உணவுகள் யாவும் இதில் அகப்பட்டன. மக்களுள் பலர் எல்லை கடந்து ஜெர்மனிக்குச் சென்று வாங்கினர். வணிகர்கள் கணக்கு வைக்கும் சுமையைக் குறித்து முறையிட்டனர். 2013 ஜனவரி முதல் நாளிலிருந்து இவ்வரி நீக்கப்பட்டது.

மெக்சிகோ 2014 ஜனவரியில் சர்க்கரைப் பானத்துக்கு லிட்டருக்கு 1 பெசோ வரி விதித்தது. விலை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு உயர்ந்தது. முதலாண்டில் இப்பானங்களின் கொள்முதல் சராசரி 6 சதவீதமும், வறிய குடும்பங்களில் 9 சதவீதமும் குறைந்தன. வரி ஏழையையே அதிகம் வாட்டும் என்னும் தடைக்கு இதில் ஓரளவு விடை உள்ளது: வரியின் சுமை ஏழைக்கு அதிகமாயினும், பானத்தைக் குறைப்பதால் விளையும் நன்மையும் அவனுக்கே அதிகம். எனினும் நல்ல குடிநீர் கிடைக்காத இடத்தில் பானத்துக்கு வரி விதிப்பது தண்டனையாகவே முடியும்.

பிரிட்டன் வேறு வழியை மேற்கொண்டது. 2016 மார்ச்சில் அறிவித்து, 2018 ஏப்ரலில் நடைமுறைக்குக் கொண்டுவந்த வரியில், சர்க்கரையின் அளவுக்கேற்பப் படிகள் வகுக்கப்பட்டன. தொடக்கத்தில் அப்படிகள் வருமாறு: 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்குக் குறைவாயின் வரி இல்லை, 5 கிராம் முதல் 8 கிராமுக்குள் லிட்டருக்கு 18 பென்னி, 8 கிராமும் அதற்கு மேலும் ஆயின் 24 பென்னி. அறிவிப்புக்கும் அமலுக்கும் இடையே கிடைத்த ஈராண்டுக் காலத்தில் ஆலைகள் தம் பானங்களின் கலவையை மாற்றின. 2015-க்கும் 2020-க்கும் இடையே இவ்வரிக்குட்பட்ட பானங்களின் சராசரிச் சர்க்கரை அளவு ஏறத்தாழப் பாதியாயிற்று. முதலாண்டில் 52 கோடி பவுன் வருமென்று எதிர்பார்த்த அரசாங்கத்துக்கு அதில் பாதியும் கிட்டவில்லை. வருவாயின் இக்குறைவே திட்டத்தின் வெற்றிக்குச் சான்றாயிற்று. 10, 11 வயதுச் சிறுமியரிடையே பருமன் 8 சதவீத அளவுக்குக் குறைந்திருந்தமையை 2023-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று காட்டியது. சிறுவரிடையே அத்தகைய மாறுதல் தென்படவில்லை. ஆகவே வரி ஒரு மருந்தேயன்றிச் சர்வரோக நிவாரணி அன்று.

நம் நாட்டு நிலை

கேரள அரசாங்கம் 2016-இல் பெயர்பெற்ற உணவகங்களில் விற்கும் பர்கர், பீட்சா முதலியவற்றுக்கு 14.5 சதவீத வரி விதித்தது. பெயர்ப்பலகை இல்லாத கடையில் அதே எண்ணெயில் பொரித்த பண்டம் வரிக்குத் தப்பியது. உணவின் உட்பொருளை விட்டு, விற்கும் கடையைப் பார்த்து விதித்த வரியாயிற்று இது. 2017 ஜூலையில் நாடெங்கும் சரக்கு, சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது இது மறைந்தது.

அப்புதிய முறையில் காற்றூட்டிய பானங்களுக்கு 28 சதவீத வரியும் 12 சதவீத ஈட்டுத் தீர்வையும் சேர்ந்து 40 சதவீதம் ஆயின. 2025 செப்டம்பர் 22 முதல் இது 40 சதவீதம் என்னும் ஒரே விகிதமாக்கப்பட்டது. சர்க்கரை சேர்த்த பானத்துக்கும், சர்க்கரையின்றி வேறு இனிப்பூட்டி சேர்த்த பானத்துக்கும் இவ்விகிதம் ஒன்றே. அதே நாளில், காற்றூட்டப்படாத பழச்சாற்றுப் பானங்களின் வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. இவற்றுள் பலவற்றில் சர்க்கரை, காற்றூட்டிய பானத்துக்குக் குறையாத அளவில் உள்ளது. எனவே வரியின் அளவு பெரிதாயினும், சர்க்கரையைக் குறைக்கும் ஆலைக்கு அதனால் யாதொரு சலுகையும் இல்லை. குழந்தைக்குப் பழப்பானம் நல்லதென்று எண்ணி வாங்கும் தாய்க்கு அவ்வரி எச்சரிக்கையும் செய்வதில்லை.

சட்டத்தின் பங்கு

வரியோடு சட்டமும் துணை நிற்கலாம். சிலி நாடு 2016 ஜூனிலிருந்து, சர்க்கரை, உப்பு, செறிவுற்ற கொழுப்பு, கலோரி ஆகியவற்றுள் எது வரம்பை மீறியுள்ளதோ அதனைக் கறுப்பு எண்கோண முத்திரையாகப் பொட்டலத்தின் முகப்பில் அச்சிடச் செய்தது. அத்தகைய பண்டங்களைப் பள்ளிகளில் விற்பதையும் தடுத்தது. எழுத்தறியாதவரும் கண்டு கொள்ளத்தக்க முறை இது. இந்தியாவில் 2020-இல் வகுக்கப்பட்ட விதிகள், கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும் அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் விற்பதைத் தடை செய்கின்றன. இவ்விதியின் பயன், வாயிற்கடையைச் சென்று பார்க்கும் அதிகாரியையும் ஆசிரியரையும் பொறுத்தது.

முடிவாக

இவ்வனுபவங்களிலிருந்து தெளிவாவது யாதெனில், உண்பவனைத் தண்டிக்கும் நோக்குடன் அன்றாட உணவின்மீது விதிக்கும் வரி நிலைப்பதில்லை. உற்பத்தியாளனைத் திருத்தும் நோக்குடன், உட்பொருளின் அளவுக்கேற்பப் படிப்படியாக விதித்து, மாறுவதற்குக் கால அவகாசமும் தரும் வரி பயன் தருகிறது. அத்தகைய வரியை விதிக்கும் அரசாங்கம், அதன் வருவாய் ஆண்டுதோறும் குறைவதைக் கண்டு வருந்தாமல் மகிழத் தயாராயிருத்தல் வேண்டும். கிடைக்கும் தொகையைப் பள்ளிகளில் குடிநீருக்கும், பருப்பு, காய்கறி, பழம் ஆகியவை எளிய விலையில் கிடைப்பதற்கும் செலவிடின், மிகுதியாக உண்பவனுக்கும் போதிய உணவு பெறாதவனுக்கும் ஒருங்கே நன்மை உண்டாகும்.